யத்தீம் சஹன்

பெப்ரவரி 1, ஞாயிறு

காலையில் தூறல். பகலில் வெயில். வாடைக் காற்று இன்னும் விடவில்லை, கடல் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது.

ஹோட்டல் இடியப்பத்துக்கு மா வறுத்து முடித்தேன். தேங்காய் வாங்க வேண்டும். சஹ்லாவின் சப்பாத்துக்கு வெள்ளை பூச வேண்டும். கூரைத் தகடு ஒன்று ஆடுகிறது, யாரைக் கூப்பிட?

இந்தக் கொப்பி ஹபீபா டீச்சர் தந்தது. மகள் சஹ்லா படிக்கும் ஸ்கூலில் பெரிய டீச்சர். சனிக்கிழமையில் பிள்ளைகளின் உம்மாமாருக்கும் வகுப்பு வைக்கிறார். தையல், கணக்கு, கொஞ்சம் ஓதல். "வாயால கதைக்க ஏலாதத எழுதுங்க றமீஸா, ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஹபீபா டீச்சர் என்று ஒவ்வொரு தரமும் எழுதக் கை வலிக்கும். இனி ஹ.டீ.

என்ன எழுத? என் மாப்பிள்ளை, சஹ்லாவின் வாப்பா, ஆழ்கடல் போட்டில் போனார். நவம்பர் கடைசி. அவரும் பக்கத்து வீட்டு ஜெஸீமாவின் மாப்பிள்ளையும் இன்னும் ஒருவரும். திரும்பவில்லை. போட்டும் இல்லை, பலகையும் இல்லை, ஒரு டீசல் கேன்கூட ஒதுங்கவில்லை.

போன மாதம் பள்ளிவாசலில் உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள், மூன்று பேருக்கும். ஜெஸீமா அன்றே வெள்ளைச் சீலை உடுத்து இத்தா இருந்துவிட்டாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட மாட்டாள். நான் இருக்கவில்லை. மௌத்து, உயிர் போய்விட்டது என்று எனக்கு யார் வந்து சொன்னது? கடலா?

குழாயடியில் இன்று இரண்டு பேர், நான் கேட்கட்டும் என்றே.

"மாப்பிள்ள மௌத்து. இவ கலர்ச் சீலையோட கடத்தெருவுக்குப் போறா."

"போகாம? இடியப்பம் தானா நடந்தா ஹோட்டலுக்குப் போகும்?"

சிரித்தார்கள். வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் நின்றேன்.


பெப்ரவரி 2, திங்கள்

மழை இல்லை. தேங்காய் வாங்கினேன், இரண்டு அழுகல்.

கறீம் காக்காவின் வேன் ஹோர்ன் அடிக்கும் முன்பே சஹ்லா படலையில் நிற்கிறாள். ஒன்பது வயது. வீட்டில் பத்துக் கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவாள். வேனில் ஏறினதும் வாய் திறக்கிறது. பின்னால் நின்று பார்க்கிறேன், ஜன்னலில் சிரிக்கிறாள். வேறெங்கும் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை, இந்த இரண்டு மாதமாக.

காசு கட்டுகிற ஸ்கூல் இல்லை. கவர்மெண்டும் இல்லை. கடல் ஊருக்குள் வந்த வருசம், தாய் தகப்பன் இல்லாமல் நின்ற பிள்ளைகளுக்காக ஊரில் நாலைந்து பேர் ஓலைக் கொட்டிலில் தொடங்கினது. பிறகு மற்ற ஏழைப் பிள்ளைகளும் சேர்ந்தன. கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் அங்கே விறகு அடுப்பு எரிந்தது. போன மாரி வெள்ளத்துக்கு நாங்கள் படுத்ததும் அங்கேதான், சஹ்லாவின் வாப்பாவும்தான். கதிரைகளை அடுக்கி எங்களுக்கு மறைப்புக் கட்டித் தந்தார்.

பகல் சோறு சஹனில். கலியாண வீடு மாதிரி ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பிள்ளைகள், ஒரே தட்டில் கை. எந்தப் பிள்ளை யத்தீம், எந்தப் பிள்ளைக்கு வாப்பா இருக்கிறார், பார்க்கிற ஆளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் ஹ.டீ. அப்படிக் கலந்து வைக்கிறார்.

பின்னேரம் பாய் அறை. வீட்டில் ஆளை இழந்த பிள்ளைகள் பாயில் இருந்து படம் கீறும், ஒரு டீச்சரோடு கதைக்கும், கதைக்காமலும் இருக்கும். சஹ்லாவும் போகிறாள். 'கொஞ்ச நாளைக்கு' என்று நான்தான் விட்டேன்.

இன்று ஹ.டீ. கூப்பிட்டார். கதிரையில் இருத்திப் பிளேன்டீ தந்தார்.

"ஒளிச்சிக் கதைக்கல்ல றமீஸா. பொதுவாக் காசு தந்த ஆக்கள் நிப்பாட்டிட்டாங்க. அவங்களுக்கும் கஷ்டம். இப்ப வாறது யத்தீம் புள்ளைகளுக்கு எண்டு நிய்யத்து வெச்சுத் தாறது மட்டும்தான். அது அமானிதம், நம்பித் தந்த பொருள். மத்தப் புள்ளைக்கு அதுல ஒரு பிடி சோறு அள்ளிக் குடுக்க எனக்கு உரிம இல்ல."

"மத்தப் புள்ளைகள் எப்பிடி?"

"சோறும் வேனும் வீட்டால பார்க்க வேணும். ஏலாத ஆக்கள் புள்ளைய மாத்துறாங்க. ரெண்டு புள்ளைகள் போயிட்டு. வேன் வாற திங்கள்ல இருந்து அப்பிடித்தான். பன்ரெண்டாம் திகதி குடுக்கிற ஆக்கள் பார்க்க வாறாங்க, அண்டைல இருந்து சஹனும் வேறதான்." கண்ணைத் துடைத்தார். "சஹ்லாவ எந்தப் பக்கம் வைக்க?"

"அவட வாப்பா இரிக்கார் டீச்சர்."

"நீங்க செல்றதத்தான் எழுதுவன். மௌத்து எண்டு நீங்க செல்லாம நான் செல்ல மாட்டன். ஆனா பொய்யும் எழுத மாட்டன்."

இடியப்பத்தில் வேனுக்குக் கட்ட ஏலாது. பஸ் பாதையில் அவ்வளவு தூரம் தனியாக நடக்கவிடவும் ஏலாது. அந்த ஸ்கூல் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை வாயே திறக்காமல் போய்விடும்.

மௌத்து என்று ஒரு சொல். அவ்வளவுதான் கேட்கிறார். நம்பாமல் சொன்னால்? யத்தீமுக்கு வைத்த சோற்றை வேறு ஆள் தின்றால் வயிற்றில் நெருப்பு என்று சின்னதிலேயே ஓதினவர்கள் நாங்கள். என் பிள்ளையின் வயிற்றில் நெருப்பைப் போடவா? நம்பிச் சொன்னால் அவரை நானே மண்ணுக்குள் வைக்கிற மாதிரி. மண்கூட இல்லை.


பெப்ரவரி 3, செவ்வாய்

பறாஅத்து நாள். ரொட்டி சுட்டேன். சீனி காணாது, குறைத்துப் போட்டேன். ஜெஸீமா வீட்டுக்கு ஆறு, மதினி வீட்டுக்கு ஆறு என்று எடுத்து வைக்க, மதினியே ஓடி வந்தார். மதினி என்றால் சஹ்லாவின் வாப்பாவுக்கு அக்கா, ராத்தா சுபைதா. உம்மா சின்னதிலேயே மௌத்து, அவரைத் தூக்கி வளர்த்தது மதினிதான். செருப்பைக் கழற்றாமல் குசினிக்குள் வந்துவிட்டார்.

"எடி றமீஸா! இரிக்கான் புள்ள! உசிரோட, ஹயாத்தோட இரிக்கான்!"

பர்மாக்காரர் மூன்று பேரைக் கடலில் பிடித்து மறியலில் வைத்திருக்கிறார்களாம். போட்டில் எஞ்சின் பழுதாகி இழுபட்டுப் போனவர்களாம். இந்தப் பக்கத்துத் தமிழ் கதைக்கிறார்களாம். வாழைச்சேனைப் போட்காரர் ஒருவருக்கு போனில் ஹபறு வந்ததாம்.

ரொட்டி கருகியது. அப்படியே இருந்துவிட்டேன்.

"நல்ல காலம் நீ வெள்ள உடுக்கல்ல. உடுத்திருந்தா இந்த வாசல நான் மிதிச்சிருக்க மாட்டன், ஓம்." என்னைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் அழுதோம், சந்தோசத்தில்.

சஹ்லா ரொட்டியை நாலாக மடித்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.


பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தின லீவு. றோட்டில் கொடி. பாண்ட் சத்தம் தூரத்தில்.

ஜெஸீமாவிடம் போனேன், பின்பக்கத்தால். வெள்ளையில் ஆள் பாதியாகிவிட்டாள். இருபத்தாறு வயதுதான். பர்மாக் கதை அவளுக்கும் போயிருக்கிறது.

"ராத்தா, இத்தா இரிக்கிற பொம்பிளட மாப்பிள்ள வாசல்ல வந்து நிண்டா என்ன செய்ற? இந்தச் சீலைய எங்க ஒளிக்கிற?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு நிற்காமல் போய் அழுகையாகிவிட்டது.

பிறகு கதைத்துக்கொண்டிருந்தோம். பகலானால் ஸ்கூலிலிருந்து அவளுக்குச் சோற்றுக் கேரியர் வருகிறது. சந்தைக்குப் போக ஸ்கூல் உம்மாமார் முறை வைத்து வருகிறார்கள். முன்னம் இத்தா இருந்தவர்கள்தான் இப்போது இருக்கிறவர்களுக்குச் செய்வது, அது அங்கே வழக்கம். வாரத்தில் ஒரு நாள் பாய் அறை டீச்சர் வீட்டுக்கே வந்து பிள்ளைகளோடு இருக்கிறார்.

"கேரியர் வாறதாலதான் ராத்தா எனக்குப் பகல் எண்டே தெரியிது" என்றாள்.

எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. ஏன் என்று தெரியாது. பொறாமை என்று எழுதினால் சரியாக இருக்கும்.


பெப்ரவரி 6, வெள்ளி

காற்று. மா ஈரம், இடியப்பம் பிழைத்துவிட்டது. ஹோட்டல் முதலாளி முகம் சுளித்தார்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மதினி ஆளனுப்பினார். படம் வந்துவிட்டது, போனில். மதினி வீட்டு அறைக்குள் பத்துப் பேர். எனக்கு வழி விட்டார்கள்.

சுவருக்கு முன்னால் மூன்று பேர். தாடி. கறுத்து மெலிந்து. கையில் என்னவோ பலகை பிடித்திருக்கிறார்கள், வேற்று எழுத்து.

"இஞ்ச பாரு, பின்னால நிக்கிற. தாடி வளர்ந்தா என்ட தம்பி இப்பிடித்தான் இரிப்பான். கண்ணப் பாரு. பாரு புள்ள!"

பார்த்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"படம் தெளிவில்ல மதினி" என்றேன்.

"பொண்டாட்டிக்கே தெளிவில்லையாம்!" என்று ஒரு கிழவர் சொன்னார். மதினி அவரை வெளியே போகச் சொல்லிச் சத்தம் போட்டார்.

இங்கே எழுதுகிறேன். அவர் நின்றால் வலப்பக்கத் தோள் இறங்கி நிற்கும், வலை இழுத்து இழுத்து. சும்மா நிற்கும்போதும் யாரையோ கேட்கக் குனிகிற மாதிரி. படத்தில் மூன்று பேரும் நேராக நிற்கிறார்கள். அவர் இல்லை. ஜெஸீமாவின் ஆளும் இல்லை.

எழுதிவிட்டேன். வாயால் சொல்லவில்லை.


பெப்ரவரி 7, சனி

தையல் வகுப்பு. கைச்சட்டைத் துணியை நேராக வெட்ட வரவில்லை, இரண்டு தரம் பிழை. சஹ்லாவும் கூட வந்தாள்.

வகுப்பு முடிய ஹ.டீ. கிட்ட வந்தார். "படத்துல ஆள் யாரெண்டு பார்த்தீங்களா?"

"ஓம் டீச்சர். அவர்தான். இரிக்கார்."

இப்படித்தான் சொன்னேன். யோசிக்கவில்லை, அதுவாக வந்தது. மௌத்து என்பதைவிட அது வாயில் லேசாக இருந்தது.

ஹ.டீ. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப சஹ்லாட பேர யத்தீம் பக்கம் போடல்ல. அவர் வாற வரைக்கும் வேற வழி பார்ப்பம். நான் நாலு பேரிட்டக் கேட்டுப் பார்க்கன்." உண்மையான சந்தோசம் அவர் முகத்தில். அதைப் பார்க்க ஏலவில்லை.

திரும்பினால் சஹ்லா கதவில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

வரும் வழியில் கேட்டேன், ஐஸ்பழம் வேணுமா என்று. தலையாட்டினாள், வேண்டாம்.


பெப்ரவரி 9, திங்கள்

இன்று எழுத வேண்டியது நிறைய. எழுத்துப் பிழை வரும்.

காலையில் வேன் வந்தது. கறீம் காக்கா தலையை நீட்டினார். "றமீஸா, என்னட்டத் தந்த லிஸ்ட்ல புள்ளட பேர் இல்ல. பரவால்ல, ஏத்து. கேட்டா கறீமுக்குக் கண் தெரியா எண்டு செல்றன். இருபது வருசமா என்ட பொண்டாட்டியும் அதத்தான் செல்றா." வேனுக்குள் பிள்ளைகள் சிரித்தன.

சஹ்லா ஏறவில்லை. புத்தகப் பையை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. இடியப்பம் அடுப்பில். விட்டுவிட்டேன். நான் விட்டிருக்கக் கூடாது.

ஸ்கூல் விட்டு வேன் வந்து போனது. இவள் இல்லை. பின்னேரம் அஸர் பாங்கு சொன்னது. இல்லை. சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு றோட்டுக்கு ஓடினேன். அக்கரைப்பற்று பஸ்கள் எப்படி வருகின்றன! ஒவ்வொரு பஸ்ஸும் போன பிறகு றோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், பார்க்கவில்லை என்றார். கடற்கரைப் பக்கம் ஒரு பிள்ளை போனது என்று இன்னொருவர் சொன்னார். அங்கே ஓடினேன். யாருடைய பிள்ளையோ. மண்ணில் விழுந்து எழும்பி மறுகா றோட்டுக்கு வந்தேன்.

வருகிறாள். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காலில் கொப்புளம்.

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. "ஏன்டி வேன்ல ஏறல்ல? உம்மாவக் கொல்லப் பார்க்கியா?"

"அது யத்தீம் புள்ளைகள்ட வேன். ஏறினா ஹறாம்தானே உம்மா."

அவள் கையிலிருந்த சப்பாத்தை வாங்கினேன்.

"வாப்பா இரிக்கார்தானே?"

கண்ணை எடுக்காமல் கேட்டாள். இரண்டு மாதத்தில் என்னிடம் அவள் இவ்வளவு கதைத்தது இன்றுதான்.

"ஓம்" என்றேன்.

மீதி வழி முழுக்க எனக்கு முன்னால் நடந்தாள்.


பெப்ரவரி 11, புதன்

கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். நேற்றும் இன்றும் நானே கூட நடந்து கூட்டிப் போனேன். இடியப்பம் சுணங்கிப் போகிறது. ஹோட்டலில் வேறு ஆளைப் பார்க்கிறார்களாம்.

மதினி நாளைக்குக் கொழும்புக்குப் போக நின்றார், பெரிய ஒபிஸில் படத்தைக் காட்ட. எங்கள் கலியாணப் படத்தைக் கேட்டார், ஒத்துப் பார்க்க. எடுத்துக் கொடுத்தேன். "நீ மெலிஞ்சிட்டாய், சாப்பிடு புள்ள. அவன் வந்து உன்ன இப்பிடிப் பார்த்தா என்னத்தான் ஏசுவான்." தட்டில் சோறு போட்டு ஊட்டிவிடப் பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் நிறையச் சோறு.

ஹ.டீ. ஆளனுப்பினார். நாளைக்கு வருகிறவர்களுக்கும் யத்தீம் பிள்ளைகளுக்கும் புரியாணி, சமைக்க உம்மாமார் வேண்டும். வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

நாளைக்கு:
சஹ்லாவின் சோற்றுப் பெட்டி. முட்டை ஒன்று அவிக்க.
பெரிய கத்தி கொண்டுபோக.
வெங்காயம் வெட்டும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நல்லது.


பெப்ரவரி 12, வியாழன்

ஆறுதலாக எழுதுகிறேன். உள்ளங்கை சுட்டு வீங்கி இருக்கிறது. பேனையை விரல் நுனியால் பிடிக்கிறேன்.

வெயில். ஸ்கூல் மண்டபத்தில் பாய் விரித்து இரண்டு பக்கம். இடப்பக்கம் யத்தீம் பிள்ளைகள், வந்தவர்கள் இருக்கிற மேடைக்குக் கிட்ட. வலப்பக்கம் வீட்டிலிருந்து பெட்டி கொண்டுவந்த பிள்ளைகள். நடுவில் வெறும் தரை. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு உம்மா சொன்னார், "இது என்ன, மாப்பிள்ள பக்கமும் பொண்ணு பக்கமுமா?" யாரும் சிரிக்கவில்லை.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள் மாதிரித்தான். ஒரு வயதான மனிசன் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக் கேட்டு அழுதார். அவரோடு வந்த ஒருவர் போனை உயர்த்திக்கொண்டு திரிந்தார்.

சஹன் தூக்க ஆள் காணாது. நான் ஒன்றைத் தூக்கினேன். அடுப்பிலிருந்து அப்படியே கொட்டின சோறு. இடப்பக்கம், ஐந்தாவது சஹன். குனிந்தேன்.

ஆறு பிள்ளைகள். ஆறாவது சஹ்லா.

அவளுடைய பெட்டி அந்தப் பக்கத்துப் பாயில், திறக்காமல்.

புது டீச்சர் ஒருவர் பெயர்த் தாளோடு குனிந்து, "இந்தப் புள்ளட பேர் இதுல இல்லையே" என்று சொல்வது கேட்டது. போன்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.

நான் மெல்ல, "எழும்பு. உன்ட இடத்துக்குப் போ. இது உனக்கு ஹறாம்" என்றேன்.

"இல்ல உம்மா."

"சஹ்லா!"

"சுபைதா மாமிட போன்ல நானும் பார்த்தன். அது வாப்பா இல்ல." குரல் உயரவில்லை. "நீங்களும் பார்த்தீங்க."

கை எரிகிறது. வைக்கவும் ஏலாது, திரும்பவும் ஏலாது. அவர் இருக்கிறார் என்றால் இந்தச் சோறு என் பிள்ளைக்கு நெருப்பு. வைத்தேன் என்றால் அவர் இல்லை. தூரத்தில் ஹ.டீ. நின்றார். பார்த்துக்கொண்டு நின்றார், வரவில்லை. அந்த நேரம் அவரை வெறுத்தேன். அவர் வந்து செய்யக்கூடிய வேலை இல்லை என்று இப்போது விளங்குகிறது.

"வைங்க உம்மா" என்றாள் சஹ்லா. "கை சுடும்."

வைத்தேன்.

பிள்ளைகள் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். சஹ்லா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். அழவில்லை. பக்கத்தில் இருந்த முன்பல் இல்லாத பிள்ளை தன் பக்கத்து இறைச்சித் துண்டை அவள் பக்கம் தள்ளியது.

"புதுசா வந்த ஆளுக்கு எறச்சி குடுக்கணும். எங்கட சட்டம் இது."

"நேத்து நீ ஆருக்கும் குடுக்கல்லயே, கள்ளி" என்று இன்னொன்று.

"நேத்துப் பருப்புடி!"

சஹ்லா சிரித்தாள். அங்கேயே, அந்தச் சஹனில்.

குசினியில் ஹ.டீ. என் கையைத் தண்ணீருக்குள் பிடித்தார்.

"எழுதுங்க டீச்சர்" என்றேன்.

"என்ன எண்டு எழுத?"

தெரியாத மாதிரிக் கேட்டார். நான் சொல்ல வேண்டும் என்று.

"மௌத்து. நான் சனிக்கிழம பொய் செல்லிட்டன். படத்துல அவர் இல்ல. அவர் மௌத்து."

மறுகா என்னைப் பாயில் கிடத்தினார்கள். கிடந்தேன்.

பின்னேரம் சஹ்லாவிடம் கேட்டேன், எப்போதிருந்து தெரியும் என்று. பள்ளிவாசலில் ஊர் தொழுத அன்றே, பாய் அறையில் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து தாங்களும் தொழுதார்களாம். ஜெஸீமாவின் மூத்தவள்தான் கூப்பிட்டாளாம். "உங்களுக்குச் செல்லல்ல. செல்லியிருந்தா நீங்க என்ன அங்க விட மாட்டீங்க." இத்தனை நாளும் இந்தப் பிள்ளை தன் வாப்பாவின் மௌத்தைத் தனியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல், எனக்காக.

அஸருக்குப் பிறகு மதினி வீடு. பஸ்ஸுக்கு உடுத்துப் பையோடு நின்றார். சொன்னேன். படத்தில் தோளைப் பற்றிச் சொன்னேன். சஹன் வைத்ததையும் சொன்னேன்.

அறைந்தார். பிறகு, "என்ட தம்பிய ஒரு தட்டுச் சோத்துக்கு வித்துட்டாய்" என்றார். கதவைச் சாத்தினார்.

உள்ளே பை விழுந்த சத்தம் கேட்டது.


பெப்ரவரி 13, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. கடல் சத்தம் இல்லை.

குளித்து வெள்ளை உடுத்தேன். சீலை ஜெஸீமா அனுப்பினது, மாற்றுக்கு வைத்திருந்தது. சீலையில் கஞ்சி மணக்கிறது. இடியப்பம் இனி இல்லை என்று ஹோட்டலுக்குச் சொல்லியனுப்பியாயிற்று. ஹ.டீ. காலையிலேயே வந்துவிட்டார், கேரியரோடு. சந்தைக்கு யார், தண்ணீருக்கு யார் என்று இரண்டு உம்மாமார் முற்றத்தில் சண்டை.

"செவ்வாய் நான்."

"போன முறையும் செவ்வாய் நீதானே? மீன் மலிவு எண்டா?"

கறீம் காக்கா இன்று ஹோர்ன் அடிக்கவில்லை. இறங்கி வந்து சஹ்லாவைக் கூட்டிப் போனார்.

மதினியும் வந்தார். கூப்பிடாமல். குசினிக்குள் போய்ச் சட்டி கழுவத் தொடங்கிவிட்டார்.

ஜும்ஆவுக்குப் பிறகு மௌலவி. விறாந்தையில் இருந்தார், நான் திரைக்கு உள்ளே. பள்ளிவாசல் புத்தகத்தில் எழுத வேண்டுமாம். இத்தா மௌத்தான நாளிலிருந்து கணக்காம்.

"போட் போன கணக்க வெச்சா உங்களுக்குக் கன நாள் கழிஞ்சிட்டு, புள்ள. ஊர் தொழுத நாளையும் வைக்கலாம். எந்த நாளப் போட? மௌத்து எண்டைக்கு?"

ஹ.டீ. என் முதுகில் கை வைத்தார்.

"நேத்து" என்றேன். "பகல் சோத்து நேரம்."

பேனைச் சத்தம் இல்லை. "நேத்து எண்டு எப்பிடி, புள்ள..."

குசினியில் தண்ணீர் நின்றது.

"எழுதுங்க மௌலவி" என்றார் மதினி. "அவ செல்றதுதான் நாள். நேத்து வரைக்கும் என்ட தம்பி ஹயாத்தோட இரிந்தான்."

எழுதினார்.